ஈரத்துக்குக் கழிவு

(இலங்கையில் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்று. கொழுந்து நிறுக்க வரிசை நிற்கிறது. கணக்கப்பிள்ளையைக் காணோம். தூறல் மட்டும் நேரத்துக்கு வந்துவிட்டது. பார்வதி அக்கா தலையில் சாக்கு. கொழுந்து லொறியில் ஏற்றுகிற ரவி கையில் போன்.)

பார்வதி: என்னா தம்பி, போனுக்குள்ளயே விழுந்துட்ட?

ரவி: குவாசர் பத்திப் பார்க்கிறேன் அக்கா.

பார்வதி: யாரு, புதுசா வந்த துரையா?

ரவி: வானத்துல அக்கா! நடுவுல ஒரு கருந்துளை, பல கோடி சூரியன் எடை. அதுக்குள்ள வாயு விழ விழ அப்படியொரு வெளிச்சம். சுத்தியிருக்கிற நட்சத்திரக் கூட்டமே மங்கிப்போகும்.

பார்வதி: வெளிச்சத்தையே விழுங்குற ஓட்டைன்னு நீதானே சொன்ன?

ரவி: உள்ள போனது வராது. போறதுக்கு முந்தி வர்ற வெளிச்சம் இது. வாயு நேரா விழாது, சுத்திச் சுத்தித்தான் இறங்கும். உள்பக்கம் வேகமா ஓடும், வெளிப்பக்கம் மெதுவா ஓடும். ரெண்டும் உரசி, கொதிச்சு, ஜொலிக்கும். 3சி 273ன்னு ஒரு குவாசர். பார்த்தா சாதாரண நட்சத்திரம் மாதிரிதான். மார்ட்டன் ஷ்மிட்ங்கிற வானியலாளர் 1963இல அதோட ஒளியைப் பிரிச்சுப் பார்த்துத்தான் எவ்வளவு தூரம்னு கண்டுபிடிச்சார். 200 கோடி ஒளியாண்டுக்கும் மேல!

பார்வதி: அது தெரியுது. இங்க பனியில எதிர்த்த லயத்து வீடே தெரியல. சரி, நம்ம பக்கம் அப்படி ஒண்ணும் இல்லியா?

ரவி: பால்வீதி நடுவுல இருக்கு, 40 லட்சம் சூரியன் எடையில. ஆனா இப்ப தீனி இல்ல, அதனால சும்மா கிடக்கு.

பார்வதி: சும்மா கிடந்தா யாரு சம்பளத்துக்குப் பேர் போடுவாங்க?

ரவி: கேளுங்க அக்கா, முக்கியமானது இதுதான். 100 கிலோ விழுந்தா, சுமார் 10 கிலோ சக்தியா மாறி வெளியே போயிடும். மிச்சம்தான் கருந்துளை கணக்குல ஏறும். சூரியனுக்குள்ள 100 கிலோ ஹைட்ரஜன் ஹீலியமானா, 700 கிராம்தான் அப்படி மாறும்.

பார்வதி: இரு இரு. கணக்குல ஏத்துறதுக்கு முந்தியே 10 கிலோ கழிச்சுடுதா?

ரவி: கழிவு இல்லக்கா, அதுதான் வெளிச்சம்...

பார்வதி: இங்கயும்தான் சாக்குக்குன்னும் ஈரத்துக்குன்னும் கழிக்கிறாங்க. ஒரு பல்பாவது எரிஞ்சுச்சா?

(கணக்கப்பிள்ளை தராசோடு வருகிறார்.)

பார்வதி: வாங்க ஐயா! இன்னைக்கு எவ்வளவு கழிக்கிறதா உத்தேசம்? கருந்துளையே நூத்துக்குப் பத்தோட நிறுத்திக்குதாம்!