கென்னடி குடும்பத்துச் சாபமும் ஒரு வெள்ளிக்கிழமை விமானமும்

அமெரிக்க அதிபராக இருந்த கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர், தானே ஓட்டிய விமானம் கடலில் விழுந்து இறந்ததைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும், யாராவது ஒருவர் "அந்தக் குடும்பத்துக்கே சாபம்" என்று முடித்துவிடுகிறார். எனக்கு இதில் கோபம்தான் வருகிறது. சாபம் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யோசிக்க ஒன்றும் மிஞ்சாது. நியூஜெர்சியில் சின்ன விமானம் ஓட்டப் பழகியவன் என்ற முறையில் அந்த விபத்தின் விசாரணை அறிக்கையைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். அதில் அமானுஷ்யமாக எதுவும் இல்லை. எல்லாமே அவ்வளவு சாதாரணமாக நடந்திருக்கிறது என்பதுதான் பயமுறுத்துகிறது.

1999 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. மறுநாள் அவருடைய சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். மனைவி கேரலினும் கேரலினின் அக்கா லாரனும் கூட வருகிறார்கள். லாரனை மார்த்தாஸ் வின்யார்டு தீவில் இறக்கிவிட்டு, அப்புறம் கல்யாணத்துக்காக ஹயானிஸ் என்ற ஊருக்குப் போக வேண்டும். ஒற்றை எஞ்சின் பைப்பர் சரடோகா விமானம். நியூஜெர்சியிலிருந்து மேலே ஏறும்போது இரவு மணி 8:38, அந்தி முடிந்துகொண்டிருந்த நேரம். அவருக்கு மொத்தம் 310 மணி நேரம் அளவுக்குப் பறந்த அனுபவம். ஆனால் அந்த விமானத்தை, பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாமல், இரவில் ஓட்டியது ஒரு மணி நேரம்கூட இல்லை. அன்றைக்குக் கூட வருகிறேன் என்று ஒரு பயிற்சியாளர் சொன்னார். தனியாகவே போக விரும்புவதாக இவர் பதில் சொல்லிவிட்டார்.

சரி, இதில் சட்டத்தை மீறிய காரியம் எது? எதுவும் இல்லை. அமெரிக்காவில் சாதாரணத் தனியார் லைசன்ஸ் இருந்தாலே இரவில் வெளியே பார்த்துப் பறக்கலாம். கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதற்கான தனித் தகுதி தேவையில்லை. அந்தப் பயிற்சியை அவர் பாதிவரைதான் முடித்திருந்தார். வானிலை முன்னறிவிப்பும் பறக்கலாம் என்றே சொன்னது.

கனெக்டிகட் கரையோரமாகப் போகும்வரை கீழே ஊர் விளக்குகள் இருந்தன. பாயின்ட் ஜூடித் என்ற கரைமுனையைத் தாண்டியதும் கரையை விட்டு நேராகக் கடல்மேல் திரும்பினார். சுமார் 30 மைல் வெறும் தண்ணீர். கோடைக்காலத்துப் புகைமூட்டம் வேறு. அதே இரவில் அந்தப் பக்கம் பறந்த இன்னொரு விமானி, கீழே பார்த்தால் தீவே தெரியவில்லை, கரண்ட் போய்விட்டதோ என்று நினைத்ததாக விசாரணையில் சொன்னார். வானம் எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்கிற அந்தக் கோடு இல்லை.

அந்தக் கோடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது தரையில் இருக்கும்போது நம்ப முடியாத விஷயம். காதுக்குள் இருக்கும் அரைவட்டக் குழாய்களில் உள்ள திரவம் அசைவதை வைத்துத்தான் நாம் திரும்புகிறோம் என்பதை உடம்பு உணர்கிறது. மிக மெதுவாகத் திரும்பினால் அதற்குத் தெரியவே தெரியாது. வேகமாகத் திரும்பினாலும், அதே திருப்பம் சற்று நேரம் நீடித்தால் திரவமும் கூடவே சுற்ற ஆரம்பித்துவிடும்; நேராகப் போகிறோம் என்று தோன்றும். இறக்கை சாய்ந்த விமானம் மூக்கைக் கீழே இறக்கும், வேகம் கூடும். உயரம் குறைவதைப் பார்த்து விமானி கைப்பிடியைத் தன் பக்கம் இழுப்பார். சாய்வைச் சரிசெய்யாமல் இழுத்தால் சுழல் இன்னும் இறுகும். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை வெளியே எதுவும் தெரியாத நிலையில் ஓட்டவைத்துப் பார்த்தார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடிகள். மூன்று நிமிடம்கூட இல்லை.

கென்னடியின் விமானம் கடைசியில் நிமிடத்துக்கு 4,700 அடிக்கும் மேலான வேகத்தில் கீழே வந்தது. மூன்று பேரும் இறந்தார்கள். விமானத்தைத் தானாகவே நேராக வைத்திருக்கும் ஆட்டோபைலட் கருவி இருந்த விமானம் அது.

சின்ன விமானம் என்றால் எஞ்சின் நின்றுவிடுமே என்றுதான் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். நின்றால்கூடப் பகலில், கீழே வயல்வெளி இருந்தால், மிதந்து வந்து இறக்கிவிட முடியும். அதற்குத்தான் மறுபடி மறுபடி பழக்குகிறார்கள். எனக்குப் பயம் எஞ்சின்மேல் இல்லை, கல்யாணத்தின்மேல்தான். கல்யாணம், பிறந்தநாள், திங்கட்கிழமை ஆபீஸ். அவை காத்திருக்கும்போது மேகம் கொஞ்சம் உயரமாகவும், புகைமூட்டம் கொஞ்சம் மெல்லியதாகவும் தெரியும். அந்த நேரத்து மூளையிடம் முடிவை விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அதனால் என் எல்லைகளை வீட்டில் அமைதியாக உட்கார்ந்து எழுதிவைத்திருக்கிறேன். பகலில் 30 நிமிடம், இரவில் 45 நிமிடம் பறக்கும் அளவு எரிபொருள் மிச்சம் இருந்தால் போதும் என்கிறது சட்டம். எனக்கு எப்போதும் ஒரு மணி நேரம். 3 மைல் தூரம் கண்ணுக்குத் தெரிந்தால் இரவில் பறக்கலாம் என்கிறது சட்டம். எனக்கு 8 மைல் வேண்டும். இரவில் கடல்மேல் பயிற்சியாளர் இல்லாமல் போவதில்லை. விமான நிலையத்தில் நின்றுகொண்டு இந்த எண்களைத் தளர்த்தக் கூடாது. இறுக்க மட்டும் செய்யலாம்.

அனுபவம் வந்தால் தானாகவே நிதானம் வரும் என்று சில மூத்த விமானிகள் சொல்கிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. தப்பித்த ஒவ்வொரு முறையும் "அன்றைக்கும் இப்படித்தானே இருந்தது, ஒன்றும் ஆகவில்லையே" என்ற துணிச்சலையும் அனுபவம் கொடுக்கும். கனடாவிலும் ஐரோப்பாவிலும் இரவில் பறக்கத் தனிப் பயிற்சி, தனித் தகுதி கேட்கிறார்கள். அமெரிக்காவிலும் அது வர வேண்டும். சுதந்திரத்தைப் பறிக்கிறார்கள் என்று கத்துபவர்கள், பின் இருக்கையில் இருந்த அந்த இரண்டு பெண்களை நினைத்துப் பார்க்க வேண்டும். வானிலையைப் படிக்கவோ, அந்த 30 மைல் தண்ணீரை எடைபோடவோ அவர்களுக்கு என்ன வழி இருந்தது?

நண்பர் யாராவது "வாங்க, என் விமானத்தில் போகலாம்" என்று கூப்பிட்டால் கூச்சப்படாமல் கேளுங்கள்: எப்படி இருந்தால் இன்றைக்குப் போக மாட்டீர்கள்? போகாவிட்டால் மாற்று ஏற்பாடு என்ன? நல்ல விமானி இதற்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார், எண்களோடு சொல்வார். இந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்கிறவரின் விமானத்தில் என் வீட்டுப் பிள்ளைகளை நான் ஏற்ற மாட்டேன்.