ஏலகிரி ஓட்டத்தைப் பெரிதாக்காதீர்கள்

ஏலகிரியில் மாரத்தான் ஓடி முடித்து இன்றோடு பத்து நாள் ஆகிறது. தொடை வலி போய்விட்டது. ஆனால் நேற்று ராத்திரி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு செய்தி மனதை விட்டுப் போகவில்லை. அடுத்த வருடம் இரண்டாயிரம் பேர், வளைவுக்கு வளைவு ஸ்பீக்கர், பெரிய ஸ்பான்சர், மேலே மேடை போட்டு டிஜே என்று ஒரு திட்டம். கீழே வரிசையாகக் கைதட்டல்கள். என்னால் தட்ட முடியவில்லை. ஏன் என்பதை நாலு வரியில் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். இந்த ஓட்டத்தை நடத்தியவர்கள் மேல் எனக்கு இருக்கும் மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. அவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். என் தாத்தா காலத்தில் ஏலகிரி வட ஆற்காடு. நான் படிக்கும்போது வேலூர் மாவட்டம். 2019 நவம்பரிலிருந்து திருப்பத்தூர் மாவட்டம். மலை மட்டும் அங்கேயே இருக்கிறது. அடிவாரத்தில் பொன்னேரி. அங்கிருந்து பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறினால் அத்தனாவூர். அரைக் கிலோமீட்டர் உயரத்துக்குக் குறையாத ஏற்றம். எங்கள் ஓட்டம் பொன்னேரியில் தொடங்கி, மலை ஏறி, மேலே ஊர்களைச் சுற்றி, மறுபடி அதே சாலையில் இறங்கி, மொத்தம் 42.195 கிலோமீட்டர். அரை மாரத்தானையும் சேர்த்து நூற்று நாற்பது சொச்சம் பேர். முழு தூரம் ஓடியவர்கள் ஐம்பதுக்கும் கீழே.

காலை நாலரைக்குத் தொடக்கம். மார்கழி என்பதால் பொன்னேரியிலேயே வாயில் புகை வந்தது. துப்பாக்கியும் கிடையாது, பாட்டும் கிடையாது. ஒரு அண்ணன் விசில் ஊதினார், கிளம்பினோம். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் முன்னால் ஓடுகிறவரின் குதிகால் மட்டும்தான் தெரியும். நாலாவது ஐந்தாவது வளைவுக்குள் கூட்டம் பிரிந்து நான் தனியாகிவிட்டேன். கீழே ஜோலார்பேட்டை விளக்குகள். ஜங்ஷனில் ரயில் ஹாரன் அடிப்பது மலை மேல் அவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதைத் தவிர என் மூச்சு, ஷூ சத்தம், பாறையில் எங்கோ சொட்டும் தண்ணீர். இந்த இடத்தில் ஸ்பீக்கர் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

நான் தமிழ் டீச்சர். இந்த மலை எனக்குக் கூடுதலாகப் பிடிக்க ஒரு காரணம் உண்டு. வளைவுகளுக்கெல்லாம் புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். கபிலர், ஔவையார், பாரி, பேகன், அதியமான். காரில் போகும்போது பலகை கண்ணில் பட்டு மறைந்துவிடும். ஓடும்போது, அதாவது ஏற்றத்தில் பாதி நடக்கும்போது, ஒவ்வொரு பெயரோடும் ஐந்து பத்து நிமிடம் இருக்க வேண்டியிருக்கிறது. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனை அந்தக் குளிரில் நினைத்தபோது, வகுப்பில் இருபது வருடமாக நடத்திய பாடம் முதல் தடவை உடம்பில் பட்டது. அதியமானின் தகடூர் இன்றைய தருமபுரிதான், அங்கிருந்து ஒன்றும் தூரமில்லை. அவனும் இந்தப் பக்கத்து மலைகளை ஏறி இறங்கியவனாகத்தான் இருப்பான் என்று தோன்றியது.

ஏற்றத்தில் நடந்ததற்காக யாரும் கூச்சப்பட வேண்டாம். சரிவு கூடக் கூட, மெதுவாக ஓடுவதற்கும் வேகமாக நடப்பதற்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது, ஆனால் நடந்தால் இதயத் துடிப்பு கட்டுக்குள் இருக்கும். வேலூரில் ஓட்டேரிப் பக்கமிருந்து பாலமதி மலை ஏறும் சாலையில் நானும் இரண்டு தோழிகளும் நாலு மாதம் பழகியது முக்கியமாக இதைத்தான். எப்போது நடக்க வேண்டும் என்பதை.

மேலே வந்ததும் விடிந்துவிட்டது. அத்தனாவூர், நிலாவூர், மங்களம், புங்கனூர் ஏரி என்று சுற்று. மலை மேல் சமமாக இருக்கும் என்று நினைத்தால் தப்பு, ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். ஏரி மேல் பனி படுத்திருந்தது. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள், அவளே இரண்டாம் சுற்றில் மோர் சொம்போடு நின்றாள். அவள் ஏற்பாட்டாளர்கள் வைத்த ஆள் இல்லை. ஓடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான் என்பதால் அவளால் தர முடிந்தது. இரண்டாயிரம் பேர் போனால் எந்த வீட்டு மோர் காணும்?

பெண்களுக்காக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஏழு மணி நேர ஓட்டத்தில் கழிப்பறை எங்கே என்பது பெரிய விஷயம். பல ஓட்டங்களில் தொடங்கும் இடத்தில் இரண்டு பெட்டிக் கழிப்பறை, அதற்கும் நீண்ட வரிசை, அப்புறம் வழியில் ஒன்றும் கிடையாது. ஆண்கள் புதர் பார்த்து ஒதுங்கிவிடுவார்கள். நாங்கள் முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீரைக் குறைப்போம். அது எவ்வளவு ஆபத்து என்று தெரிந்தும் செய்கிறோம். இங்கே முன்கூட்டியே மூன்று வீடுகளில் பேசி வைத்து, கதவில் மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். நிலாவூர்ப் பக்கம் ஒரு வீட்டில் நான் உள்ளே போனேன். வெந்நீர் எடுத்து வைத்திருந்தார்கள். வெளியே வந்ததும் அந்த அக்கா என் கையில் ஒரு பிடி அவித்த மல்லாக்கொட்டை வைத்தார். நாலு மணி நேரம் ஓடிய வாய்க்கு அந்த உப்பு எப்படி இருந்தது என்று எழுத்தில் கொண்டுவர முடியாது.

உப்பு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். மெதுவாக ஓடுகிறவர்கள் தாகத்துக்கு மேல் வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போவது நல்லதில்லை. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம், அதாவது உப்புச் சத்து, அளவு இருக்க வேண்டியதைவிடக் குறைந்திருந்தது. நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களுக்கும், ஓட்டத்தில் எடை கூடியவர்களுக்கும்தான் அது அதிகம். உப்புப் போட்ட மோர், மல்லாக்கொட்டை, கேழ்வரகுக் கூழ் எல்லாம் அந்த மேஜைகளில் இருந்தன. ஊர்ப் பெண்களே கரைத்தது, ஸ்டீல் டம்ளரில். பிளாஸ்டிக் கப் ஒன்றுகூட இல்லை. அந்த மலைச் சாலையில் குரங்குகள் எப்படிக் காத்திருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். கப்பைப் போட்டால் அடுத்த நிமிடம் அது குரங்கின் வாயில்.

இப்போது இறக்கம். ஏற்றத்துக்குப் பயந்துதான் எல்லாரும் தயாராகிறோம், ஆளை முடிப்பது இறக்கம்தான். இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே பிரேக் போட வேண்டியிருக்கிறது. அப்படி இழுபட்டபடியே வேலை செய்யும்போது தசை நார்களில் நுண்ணிய சேதம் வரும். வலி அன்றைக்குத் தெரியாது, இரண்டாம் நாள்தான் உச்சம். நல்ல செய்தி என்னவென்றால், சில வாரம் முன்பே ஒரு தடவை நன்றாக இறங்கிப் பழகிவிட்டால் அடுத்த தடவை தசை அவ்வளவு அடி வாங்காது. இதெல்லாம் நான் படித்துத் தெரிந்து வைத்திருந்தது. ஆனால் எப்படி இறங்குவது என்று காலுக்குச் சொல்லிக்கொடுத்தவர் வேறு ஒருவர்.

நிலாவூரிலிருந்து திரும்பும் சரிவில் என் முன்னால் ஒரு வயதான அம்மா தலையில் புல்லுக்கட்டோடு இறங்கிக்கொண்டிருந்தார். கட்டு அவர் உயரத்தில் பாதி இருக்கும். செருப்பில்லை. நான் தடதடவென்று வந்த சத்தம் கேட்டு ஒதுங்கி நின்று, என் காலைத்தான் பார்த்தார்.

"இன்னாம்மா, எறக்கத்துல இப்படி எட்டி எட்டி வெக்கிற? முட்டி போயிடும். குட்டி குட்டியா வெய்யி."

நின்றுவிட்டேன். அவர் எனக்கு முன்னால் நடந்து காட்டினார். முழங்கால் லேசாக மடங்கியே இருந்தது. ஒவ்வொரு அடியும் ஒரு சாண், ஒன்றரைச் சாண். பாதம் உடம்புக்கு நேர் கீழே விழுந்தது, முன்னால் நீட்டவே இல்லை. தலையில் கட்டு ஆடவில்லை. இடுப்புக்கு மேலே அவர் நின்றுகொண்டிருப்பது போலவும் கீழே கால்கள் மட்டும் ஓடுவது போலவும் இருந்தது. அவர் கூடவே பத்து அடி நடந்து பார்த்தேன். "அப்படித்தான்" என்றார். ஷூ லேசைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். பதினான்கு வளைவும் அந்த ஒன்றரைச் சாண் அடியில்தான் இறங்கினேன். கோச்சுகள் சொல்வதும் இதேதான், அடியைக் குறை, எண்ணிக்கையைக் கூட்டு. ஆனால் அந்த அம்மா என்னைத் தனியாக நிறுத்திச் சொன்னது போல யாரும் சொன்னதில்லை. அந்தச் சாலையில் அந்த நேரத்தில் அவரும் நானும் மட்டும்தான் இருந்தோம். தடுப்புக் கட்டை போட்டு, சாலையை மூடி, அவரை விசில் ஊதி ஓரம் கட்டியிருந்தால் அது நடந்திருக்காது.

அந்தச் சாலை அவர்களுடையது. பொன்னேரிப் பக்கம் பஸ் ஏறி இறங்குவது அதில்தான். பால் போவதும், பிரசவ வலி வந்தவளைக் கூட்டிப்போவதும் அதில்தான். இந்த வருடம் சாலையை மூடவே இல்லை. ஒவ்வொரு வளைவிலும் ஒரு தம்பி கொடியோடு நின்று, பஸ் வந்தால் எங்களை உள்பக்கம் ஒதுக்கினான். நூறு பேருக்கு இது நடக்கும். ஆயிரக்கணக்கில் வந்தால் காலை முழுக்க மூடியே தீர வேண்டும்.

நேரம் பற்றிக் கேட்டார்கள். ஏழு மணி பன்னிரண்டு நிமிடம். சமதளத்தில் ஐந்தே முக்காலுக்குள் முடித்திருக்கிறேன். இரண்டையும் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. 2011 பாஸ்டன் மாரத்தானில் கென்யாவின் ஜெஃப்ரி முட்டாய் 2 மணி 3 நிமிடம் 2 விநாடியில் ஓடினார், அதுவரை உலகத்தில் யாரும் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. ஆனாலும் அது உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. அந்தப் பாதை ஓர் ஊரில் தொடங்கி இன்னோர் ஊரில் முடிகிறது, சுமார் 140 மீட்டர் இறக்கமும் உண்டு. விதிப்படி 42 மீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது. பாதை மாறினால் நேரத்தின் பொருளே மாறிவிடும் என்பதை விதியே ஒத்துக்கொள்கிறது. அப்புறம் எதற்கு ஏலகிரியில் போய் வாட்ச்சைப் பார்க்க வேண்டும்?

அந்த ஐந்தே முக்கால் எப்படி வந்தது என்பதும் எனக்கு மறக்காது. ஒரு பெரிய நகரத்து ஓட்டம், பல்லாயிரம் பேர். முப்பத்தைந்தாவது கிலோமீட்டர் வந்தபோது தண்ணீர் மேஜையை மடக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஓடி முடிக்கக் கொடுத்த கட்-ஆஃப் நேரம் இன்னும் முடியவில்லை. தரையெல்லாம் நசுங்கிய கப், குடிக்க ஒரு மடக்கு இல்லை. நானும் அவர்களுக்கு அதே கட்டணம் கட்டியவள்தான். டீக்கடையில் பாட்டில் வாங்கிக் குடித்துவிட்டு அழுதுகொண்டே ஓடினேன். ஏலகிரியில் கடைசியாக வந்தவர் அறுபத்தொரு வயதுப் பெரியவர். எட்டு மணி நேரக் கட்-ஆஃப் முடியப் பத்து நிமிடம் இருந்தது. கொடி பிடித்த தம்பிகள் வளைவுக்கு வளைவு அவரோடு சேர்ந்துகொண்டே வந்ததில், பொன்னேரியில் அவர் பின்னால் பதினைந்து பேர் வந்தார்கள். முதலில் முடித்த பையன் அதுவரை போகாமல் காத்திருந்து, அவருக்குக் கூழ் கொண்டுவந்து கொடுத்தான்.

குழுவில் ஒருவர், பெரிதானால் மலைக்காரர்களுக்கு வருமானம் வருமே என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. எனக்கும் அவர்களுக்குப் பணம் போய்ச் சேர வேண்டும். ஆனால் மேடையும் ஸ்பீக்கரும் டி-ஷர்ட்டும் வெளியூரிலிருந்துதான் வரும், அந்தக் காசும் வெளியூருக்குத்தான் போகும். அதற்குப் பதிலாகக் கட்டணத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள், நான் தருகிறேன். கூழுக்கும் மோருக்கும் மகளிர் குழுவுக்கு முழு விலை கொடுங்கள். கழிப்பறை திறந்து விட்ட வீடுகளுக்குக் கட்டாயம் கொடுங்கள், இந்த வருடம் அவர்கள் வாங்க மறுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். மெடலை நிறுத்திவிட்டு ஒரு கிலோ சாமை கொடுங்கள். ஜவ்வாது மலையில் விளைகிறதே, பக்கத்து மலைதானே. இருநூறு பேருக்கு மேல் எடுக்காதீர்கள். இடம் கிடைக்காதவர்கள் அடுத்த வருடம் வரட்டும், பாலமதி இருக்கிறது, அங்கே இன்னொன்று தொடங்கலாம், நாங்கள் மூன்று பேரும் வேலை செய்கிறோம்.

அடுத்த மார்கழிக்கு நான் பெயர் கொடுக்கப் போவதில்லை. இருநூற்றில் என் இடம் வேறு யாருக்காவது போகட்டும். கபிலர் வளைவில் கொடியும் மோரும் என் பொறுப்பு, இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி ஆள் கடக்கும் வரை நிற்கிறேன்.