“டெஸ்ட் பண்ண வசதியில்லை”யாம்!

ஆன்லைன்ல பழைய கேம் விக்கிற ஒருத்தரோட விளம்பரத்துல பார்த்ததை அப்படியே வரிசையா சொல்லிடறேன். அப்புறம் நீங்களே பல்லைக் கடிச்சுக்கோங்க.

போக்கிமான் கிரிஸ்டல். நின்டெண்டோவோட கையடக்க கேம் மெஷின் கேம்பாய் கலர்ல செருகி ஆடற கேட்ரிட்ஜ். பெட்டி கிடையாது, மேனுவல் கிடையாது, லேபிள்ல ஒரு மூலை உரிஞ்சிருக்கு. விலை 180 டாலர், தபால் செலவு தனி. தலைப்புலயே ‘ரேர்’னு மூணு தடவை, நடுவுல ரெண்டு நெருப்பு எமோஜி. கீழே விளக்கம் ஒரே வரி: “டெஸ்ட் பண்ண வசதியில்லை, இருக்கிறபடியே தர்றோம், ரிட்டர்ன் கிடையாது.”

வசதியில்லையாம். ஐயோ பாவம், வீட்டுல ஒரு கேம்பாய்கூட இல்லாத மனுஷன் போலன்னு இரக்கப்பட்டு, அதே ஆள் வேற என்ன விக்கிறார்னு ஒரு தட்டு தட்டினா அடுத்த விளம்பரமே கேம்பாய் கலர். ஊதா கலர் பாடி. “முழுசா டெஸ்ட் பண்ணியாச்சு, அருமையா ஓடுது.” அதே மேசை, அதே விரிப்பு, விரிப்புல அதே காபிக் கறை. ஓடுதுங்கிறதுக்கு ஆதாரமா ஆன் பண்ணி எடுத்த படம் வேற. அந்தத் திரையில நீல நிறத்துல ஒரு மிருகம் பாய்ஞ்சு ஓடிக்கிட்டிருக்கு. சூய்க்யூன்ங்கிற போக்கிமான். அது இதே கிரிஸ்டலோட டைட்டில் திரையில ஓடறதுன்னு இதைப் படிக்கிற உங்களுக்கு நான் பாடம் எடுக்கணுமா என்ன?

இருங்க, முடியலை. அடுத்த படம். ஸ்டார்ட் அமுக்கி மெனுவுக்கே போயிருக்கார் நம்ம வசதியில்லாத வள்ளல். மெனுவுல ‘நியூ கேம்’ இருக்கு, ‘ஆப்ஷன்’ இருக்கு. சேவ் பண்ணின ஆட்டம் இருந்தா வர்ற ‘கன்டின்யூ’ இல்லை. 2001-ல அமெரிக்காவுல வந்த கேட்ரிட்ஜ். இத்தனை வருஷத்துல ஒரு பிள்ளைகூடவா அதுல சேவ் பண்ணியிருக்காது? “யாராவது சேவ் பண்ணினதை அழிச்சிருக்கலாமே”ன்னு நியாயம் பேச ஒருத்தர் வருவார், அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்: டைட்டில் திரையில மேல் பட்டன், செலக்ட், பி மூணையும் சேர்த்து அமுக்கினா அழிக்கலாம். அழிச்சிருக்கலாம்தான். ஆனா அந்த நியாயஸ்தர் கேட்ரிட்ஜோட பின்பக்கப் படத்தை ஒரு தடவை பெருசாக்கிப் பார்க்கட்டும்.

கிரிஸ்டலோட ஷெல் மினுமினுப்புத் தூள் கலந்த, உள்ளே இருக்கிறது தெரியிற பிளாஸ்டிக். போர்டுல இருக்கிற சிப்பு, சேவ் பண்ணினதைக் காக்கிற வட்ட பேட்டரி, எல்லாம் பின்பக்கம் வழியா மங்கலா தெரியும். இதுல பேட்டரி தெரியலை. பேட்டரி இருக்கவேண்டிய இடத்துல கறுப்பா, கோணல்மாணலா ஒரு பட்டை. எலக்ட்ரிகல் டேப்! வீட்டுல ஸ்விட்ச் போர்டு ஒயர்ல சுத்துவோமே, அதே டேப்பு. அதுக்குக் கீழே ஸ்க்ரூவைப் பாருங்க, கட்டிங் பிளேயரால கடிச்சுத் திருகின மாதிரி தலை சிதைஞ்சு கிடக்கு. இந்த ஸ்க்ரூவுக்குன்னே இருக்கிற 3.8 மி.மீ. கேம்பிட் ஸ்க்ரூடிரைவர் வாங்க மனசு வராம, கையில கிடைச்சதை வெச்சுத் திறந்து, பழைய பேட்டரியைப் பிச்சு எடுத்து, புதுசை டேப்பால ஒட்டி, மூடி, கேம்பாய்ல போட்டு ஓட்டியும் பார்த்துட்டு, “டெஸ்ட் பண்ண வசதியில்லை.”

இதுக்கு 14 பேர் கண் வெச்சு வாட்ச் லிஸ்ட்ல போட்டிருக்காங்க.

டேப்பு ஏன் இவ்வளவு எரிச்சலைக் கிளப்புதுன்னா, அது கொஞ்ச நாளைக்கு வேலை செய்யும். அதுதான் அயோக்கியத்தனம். இந்தக் கேட்ரிட்ஜ்ல சேவ் இருக்கிறது எஸ்ரேம்ங்கிற மெமரி சிப்புல. மின்சாரம் ஒரு நொடி விட்டுப்போனாலும் எல்லாம் காலி. கேம்பாய் ஆன்ல இருக்கும்போது அது மின்சாரம் கொடுக்கும், ஆஃப் பண்ணினதும் அந்த 3 வோல்ட் பேட்டரிதான் காவல். டேப்போட பசை வெயில்ல இளகும், பேட்டரி அரை மில்லிமீட்டர் நகரும், தகடு விட்டுப்பிடிக்கும், உங்க 60 மணி நேர ஆட்டம் போயே போச்சு. கேம் மட்டும் ஜம்முனு ஓடும்! அதனால வித்தவன்கிட்ட சண்டைக்கும் போகமுடியாது. “ஓடுதில்ல?”ம்பான்.

அதுலயும் போக்கிமான் கோல்டு, சில்வர், கிரிஸ்டல் மூணு கேமுக்கும் ஒரு தனிச் சாபம். உள்ளே நிஜமாவே ஒரு கிரிஸ்டல் துடிச்சுக்கிட்டிருக்கு, நொடிக்கு 32,768 தடவை. பகல் ராத்திரி, கிழமையெல்லாம் கணக்கு வெச்சுக்கிற கடிகாரம் அது. கேம்பாயை ஆஃப் பண்ணினாலும் பேட்டரியைக் குடிச்சுக்கிட்டே இருக்கும். அதனாலதான் இவங்களுக்கு முன்னாடி வந்த அண்ணன் ரெட், ப்ளூல பழைய பேட்டரி இன்னும் சேவ் பண்ணினதைப் பிடிச்சு வெச்சிருக்கிற அதிசயம் அப்பப்ப நடக்குது, தம்பிங்க எப்பவோ செத்துப்போயிட்டாங்க. இதெல்லாம் தெரியாமலா விக்கிறார்? தெரிஞ்சதாலதானே டேப்பு!

சரியா மாத்தறது மலையைப் புரட்டற வேலையா? தகடு முன்கூட்டியே ஸ்பாட் வெல்டு பண்ணின சிஆர்2025 பேட்டரி ஒண்ணு வாங்கணும். வெறும் பேட்டரி மேல நேரடியா சால்டரிங் அயர்னை வைக்கக்கூடாது, சூட்டுல வெடிச்சுரும். அயர்ன் 350 டிகிரி. பழைய தகட்டைக் கழட்டும்போது பொறுமை வேணும். நெகட்டிவ் பக்கம் கிரவுண்டோட சேர்ந்திருக்கிறதால சூட்டை உறிஞ்சிக்கிட்டு ஈயம் சீக்கிரம் உருகாது. அவசரப்பட்டு இழுத்தா போர்டுல இருக்கிற செப்புப் பேடும் கூடவே உரிஞ்சு வரும், அப்புறம் ஒயர் போட்டு ஒட்டுப்போடணும். போர்டுல பிளஸ், மைனஸ் குறி இருக்கு, பார்த்து வெச்சு, ரெண்டு பொட்டு ஈயம். சிஆர்2032-ஐத் திணிக்கிறவங்களும் உண்டு. வோல்டேஜும் வட்டமும் ஒண்ணுதான், தடிமன்தான் 2.5-க்கு பதிலா 3.2 மி.மீ., ஷெல் புடைச்சுக்கிட்டு நிக்கலாம். காண்டாக்ட் அழுக்கா இருந்தா காது குடையிற பஞ்சுல 90 சதவீதத்துக்கு மேல உள்ள ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்கணும். வாயால ஊதினா எச்சில் ஈரம்தான் போய் ஒட்டும், பச்சை பூக்கும். எல்லாம் சேர்த்து அரை மணி நேரம்.

டெஸ்ட்டோ இதைவிடச் சின்னது. போடு, ஆன் பண்ணு, மணி எத்தனைன்னு அது கேட்கும், சொல்லு, நாலு அடி நட, சேவ் பண்ணு, ஆஃப் பண்ணி ராத்திரி முழுக்க அப்படியே வை. காலையில ‘கன்டின்யூ’ இருக்கா, கடிகாரம் ஒழுங்கா ஓடியிருக்கா? இருந்தா 180 கேளு, வேண்டாம்னா சொன்னோம்? அந்த அஞ்சு நிமிஷ உழைப்பை மிச்சம் பிடிச்சு, அதோட ரிஸ்க்கை வாங்கறவன் தலையில கட்டி, அதுக்கும் சேர்த்து முழு விலை கேட்கறதுக்குப் பேருதான் இப்ப மார்க்கெட் ரேட். கடலைமுட்டாயில ஈ இருக்கான்னு பார்க்கலை, பார்க்க வசதியில்லை, இருக்கிறபடியே தின்னு, விலை மட்டும் ஈ இல்லாத விலைன்னு எந்தப் பெட்டிக்கடை அண்ணாச்சியாவது சொல்லுவாரா?

அப்புறம் அந்த ‘ரேர்’. உலகம் முழுக்க 60 லட்சத்துக்கு மேல வித்த கேட்ரிட்ஜ் சாமி இது! ரேர்னா எர்த்பவுண்டு மாதிரி, வட அமெரிக்காவுல ஒண்ணரை லட்சம்கூட வித்திராத கேமைச் சொல்லு, தலையாட்டறோம்.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்துச்சுன்னு தேடவே வேண்டாம். பிரிக்காத சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஒண்ணு 2019 பிப்ரவரியில 1,00,150 டாலர். 2020 ஜூலையில இன்னொண்ணு 1,14,000. 2021 ஏப்ரல்ல மற்றொண்ணு 6,60,000. அதே வருஷம் ஜூலையில செல்டா 8,70,000, ரெண்டே நாள் கழிச்சு சூப்பர் மாரியோ 64 போனது 15,60,000 டாலருக்கு. மாரியோ 64 ஒரு கோடிக்கு மேல வித்த கேம்! அவங்க காசு கொடுத்தது பெட்டியோட நிலையைப் பார்த்துப் போடற 9.8 ஏ++ங்கிற மார்க்குக்கும், கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் பெட்டிக்கும். அதைப் பிரிச்சு ஆடினா மார்க் போயிரும். சரி, கோடீஸ்வரன் விளையாட்டு, எப்படியோ போகட்டும்னு விட்டா, அந்தச் செய்தியைப் படிச்ச ஒவ்வொருத்தரும் பரணுக்கு ஏணி போட்டுட்டாங்க. பிரிக்காத, மடங்காத, முதல் தயாரிப்புப் பெட்டிக்குக் கிடைச்ச விலையை, நாய் கடிச்ச லேபிளோட இருக்கிற மூளிக் கேட்ரிட்ஜுக்கு ஒப்பிட்டுப் பார்க்கிற கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லித்தர்றாங்கன்னு தெரியலை.

கம்பெனிக்காரங்க மட்டும் சும்மாவா? இதே கிரிஸ்டலை 2018 ஜனவரியில நின்டெண்டோ 3டிஎஸ் மெஷினோட ஆன்லைன் கடையான ஈஷாப்ல 9.99 டாலருக்கு வித்தாங்க. டேப்பு வேண்டாம், கேம்பிட் வேண்டாம். 2023 மார்ச் 27 அன்னிக்குக் கடையை இழுத்து மூடிட்டாங்க. பத்து டாலருக்கு இருந்த கதவை அடைச்சுட்டு, கூட்டத்தை எல்லாம் டேப்பு வள்ளல் வாசலுக்கு அனுப்பிவெச்சாச்சு. அதே வருஷம் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் எண்ணிப் பார்த்துச் சொன்னது: 2010-க்கு முன்னாடி அமெரிக்காவுல வந்த கேம்கள்ல 87 சதவீதம் அப்போ கடையில வாங்கக் கிடைக்கலை. நூலகத்துல வெச்சு ஆராய்ச்சிக்காரங்க வீட்டிலிருந்தே பார்க்க அனுமதி கொடுங்கன்னு கேட்டதுக்கு 2024 அக்டோபர்ல அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் முடியாதுன்னுடுச்சு. விலை ஏன் ஏறாது?

இந்த மேகத்தோட தூறல் நம்ம ஊர்லயும் விழுது. ரிச்சி ஸ்ட்ரீட்லயும் பர்மா பஜார்லயும் கிடைச்ச மஞ்சள் கேட்ரிட்ஜ் ஞாபகம் இருக்குல்ல, ‘9999 இன் 1’? உள்ளே ஏழெட்டு கேம், அதையே இந்த லெவல்ல இருந்து, அந்த லெவல்ல இருந்துன்னு சுத்திச் சுத்திக் காட்டும். போர்டுல கறுப்புத் தார் சொட்டு மாதிரி ஒரு சிப்பு. அது இப்ப ‘வின்டேஜ் நின்டெண்டோ ஒரிஜினல்’. நின்டெண்டோக்காரனுக்குத் தெரிஞ்சா அழுதுருவான். கான்ட்ரா ஓடுமான்னு கேட்டா, அதே பதில்தான், டெஸ்ட் பண்ணலை. பழைய பொட்டி டிவியையும் விடலை. பேரீச்சம்பழத்துக்குப் போட்ட டிவிக்கு இப்ப ‘கேமிங் சிஆர்டி’ன்னு பேரு. கேட்டா, துப்பாக்கி கேம் எல்சிடியில வேலை செய்யாதுங்கிறான். அது உண்மைதான், அதனால இன்னும் எரிச்சல்.

வாங்கியே தீருவேன்னு நிக்கிறவங்க போர்டுப் படம் கேளுங்க. கன்டின்யூ தெரியிற படம், மறுநாள் தேதியோட கேளுங்க. ஷெல்லுல மினுமினுப்பு இல்லாம, சாதா நட்சத்திர ஸ்க்ரூ போட்டிருந்தா போலியா இருக்கலாம்னு சந்தேகப்படுங்க. “டூல் இல்லை சார்”னு பதில் வரும். ஸ்க்ரூ தலையைக் கடிச்ச பல்லு மட்டும் இருந்துச்சான்னு கேட்டுடாதீங்க, பிளாக் பண்ணிடுவாங்க.

எழுதி முடிச்சுட்டுப் போய்ப் பார்த்தா, வித்துடுச்சு. 180-க்கே. ஹும். சிரிப்புதான் வருது. வாங்கின புண்ணியவானுக்கு அது குமிழி கவர்கூட இல்லாம, கல்யாணப் பத்திரிகை வர்ற மாதிரி வெறும் காகித உறையில போய்ச் சேரும். அவர் பாவம் டேப்பைப் பிச்சுட்டு ஒழுங்கான பேட்டரி போடலாம்னு கடைக்குப் போவார். அங்கே ஒத்தைக் காசு பெரிய பேட்டரிக்கு, கத்தரிக்கோலே தோத்துப்போற பிளாஸ்டிக் பேக்கிங். குழந்தைங்க முழுங்கிடக் கூடாதுன்னாங்க, சரி, நியாயம். அதுக்கு மேல சில கம்பெனி பேட்டரியில கசப்புப் பூச்சு வேற தடவறாங்க. அந்தப் பூச்சு நடுவுல வந்தா சில கருவியில காண்டாக்ட்டே கிடைக்காது. புது பேட்டரி போட்டும் ரிமோட் வேலை செய்யலைன்னு வீட்டுல கத்தறதுக்கு முன்னாடி அதைக் கொஞ்சம் ஸ்பிரிட்ல துடைச்சுப் பாருங்கப்பா.