டிஎன்எஸ் வடிகட்டி மட்டும் போதாது
பள்ளி கம்ப்யூட்டர் லேபில் டிஎன்எஸ் வடிகட்டி (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் இடத்திலேயே வேண்டாத தளங்களைத் தடுப்பது) போட்டாலே மாணவர்கள் அந்தத் தளங்களுக்குப் போகாமல் தடுத்துவிடலாம் என்கிறது ஒரு கட்டுரை. முடியாது. பிரவுசர் செட்டிங்ஸில் 'செக்யூர் டிஎன்எஸ்' என்பதை ஆன் செய்தால் தள முகவரி கேட்கும் டிஎன்எஸ் கேள்வி முழுக்க மறைகுறியாக்கப்பட்டு போர்ட் 443 வழியே, சாதாரண வெப் டிராஃபிக் போலப் போய்விடும். வடிகட்டிக்குத் தெரியவே தெரியாது. அந்த 'செக்யூர் டிஎன்எஸ்' வசதியை குரூப் பாலிசியில் (எல்லா விண்டோஸ் கணினிகளுக்கும் அட்மின் வைக்கும் பொது விதிகள்) அணைத்துப் பூட்டுங்கள். ஃபயர்வாலில் டிஎன்எஸ் பயன்படுத்தும் 53, 853 போர்ட்கள் இரண்டையும் பள்ளி டிஎன்எஸ் சர்வருக்கு மட்டும் திறந்து வையுங்கள்.

அடுத்தது பென் டிரைவில் வரும் போர்ட்டபிள் பிரவுசர். இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை, அட்மின் பாஸ்வேர்டும் கேட்காது. இதற்கு எந்த புரோகிராம் ஓடலாம் என்று கட்டுப்படுத்தும் விண்டோஸ் வசதியான ஆப்லாக்கர்தான் மருந்து: புரோகிராம் ஃபைல்ஸ், விண்டோஸ் ஃபோல்டர்களில் இருப்பது மட்டும் ஓடட்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். விண்டோஸின் 'அப்ளிகேஷன் ஐடென்டிட்டி' சர்வீஸ் ஓடாவிட்டால் ஆப்லாக்கர் விதிகள் வெறும் காகிதம். விண்டோஸுக்குள் இருக்கும் டெம்ப் ஃபோல்டரில் மாணவர் கணக்கும் எழுதலாம், அங்கிருந்து எதுவும் ஓடாதபடி அதை அனுமதி விதியின் விலக்கில் சேர்த்துவிடுங்கள்.

பென் டிரைவிலிருந்தே லினக்ஸ் பூட் செய்தால் மேலே சொன்ன விண்டோஸ் விதிகள் எதுவும் கிட்டே வராது. பயாஸ் (கணினி துவங்கும்போது முதலில் ஓடும் அமைப்பு) பாஸ்வேர்ட், யூஎஸ்பி பூட் அணைப்பு, டிஸ்க்கை மறைகுறியாக்கும் பிட்லாக்கர் மூன்றும் சேர்ந்தே வேண்டும். கேபினட்டுக்குப் பூட்டும் போடுங்கள். பல டெஸ்க்டாப்களில் மதர்போர்டிலுள்ள ஜம்பர் என்ற சிறு இணைப்பானை மாற்றினாலே பயாஸ் பாஸ்வேர்ட் போய்விடும்.