சோட்டோ வெறும் பழுதுபார்ப்பவர் அல்ல

'பார்சிலோனாவின் சக்ராதா ஃபமிலியா தேவாலயத்தில், இயேசுவின் பிறப்பைக் காட்டும் முகப்பின் சிலைகள் எல்லாம் அதன் கட்டடக் கலைஞர் கவுடி காலத்தவை, ஜப்பானியச் சிற்பி சோட்டோ பழுது மட்டும்தான் பார்த்தார்' என்று பதிவில் எழுதியிருப்பது தவறு. கவுடி இறந்தது 1926இல். அவருடைய பட்டறையில் இருந்த சுதை மாதிரிகளை 1936இல், ஸ்பெயின் உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் உடைத்து நொறுக்கிவிட்டார்கள். மீதி வேலையைப் பின்னால் வந்தவர்கள்தான் செய்ய வேண்டியிருந்தது. ஃபுகுவோகாவில் பிறந்த எட்சுரோ சோட்டோ 1978இல் பார்சிலோனா போய், அங்கே கல் கொத்துபவராகத்தான் வேலையைத் தொடங்கினார். இசைக்கருவி வாசிக்கும் தேவதூதர்களும் பாடும் குழந்தைகளும் அவர் கல்லில் செதுக்கியவை, 2000இல் முடிந்தன.

அப்புறம் அந்த முகப்பின் கதவுகள்! கதவு முழுக்கப் படர்ந்த பச்சை ஐவிக் கொடி இலைகள், நடுவே ஒளிந்திருக்கும் வண்டுகள், பூச்சிகள். அதுவும் சோட்டோவின் கைவண்ணமே. நாற்பது ஆண்டுக்கு மேலான உழைப்பைப் பழுதுபார்ப்பு என்று சுருக்காதீர்கள், தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள்.