பூனை முடியும் கொள்ளு ரசமும்

கர்ப்பத்தில் ஐந்தாம் மாதம் பிறந்ததிலிருந்து என் வாயையும் வீட்டுப் பூனையையும் எங்கள் ஊர் கோபியில் பாதிப்பேர் காவல் காக்கிறார்கள். பந்தியில் கொள்ளு ரசம் கேட்டால் பக்கத்து இலையிலிருந்து, "வேண்டாங் கண்ணு, சூடு!" பப்பாளிக்காய் சரி, பால் இருக்கும், விட்டுவிடலாம். சந்தகைக்கு, அதான் எங்கள் பக்கத்து இடியாப்பத்துக்கு, தேங்காய்ப்பால் ஊற்றினால்கூடச் சளி பிடிக்குமாம். குங்குமப்பூ குடித்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்குமாம். விலையைக் கேட்டு எனக்குத்தான் முகம் சிவந்தது.

அப்புறம் பூனை. அதன் முடி வயிற்றுக்குள் போய்க் குழந்தையைச் சுற்றிக்கொள்ளும் என்கிறாள் தோழி. எந்த வழியாகப் போகும் என்று கேட்டால் பதில் இல்லை. பயப்பட வேண்டியது முடிக்கு அல்ல, கழிவில் இருக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமிக்கு. வெளியே வந்து 1 நாளாவது ஆன பிறகுதான் அது தொற்றும். அதனால் பூனை கழிக்கும் மண்தட்டைத் தினமும் வேறு யாராவது அள்ள வேண்டும். வீட்டுக்காரர் அள்ளுகிறார், மூக்கைப் பொத்திக்கொண்டு.

அதே கிருமி அரைவேக்காட்டுக் கறியிலும் சரியாகக் கழுவாத கீரையிலும்கூட வரும். அதைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடுவதில்லை. பூனையைத் தோட்டத்துக்குத் துரத்தச் சொன்ன அதே தோழிதான், ரத்தம் ஊறும் என்று, தணலில் லேசாக வாட்டிய சுவரொட்டியை, அதாவது ஆட்டு மண்ணீரலை, என் வாயருகே நீட்டினாள்!