பீஸ் ரேட் அக்காவுக்கு ரிஸ்க் இல்லையா?
முதலாளியை மாதச் சம்பளக்காரரோடு ஒப்பிட்டு, "ரிஸ்க் எடுப்பவர் முதலாளி, அதனால் லாபமும் அவருக்கே" என்று ஒரு கட்டுரை சொல்வதை முழுதாக ஏற்க முடியவில்லை. திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட் (மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பட்டறை) நடத்தும் என் சித்தப்பா, வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்துத்தான் ஓவர்லாக் தையல் மெஷின்கள் வாங்கினார். சிறு தொழில்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் சிறு தொழில் மேம்பாட்டுச் சட்டமே சொல்கிறது. ஆனால் சித்தப்பாவுக்குப் பணம் வந்து சேர மூன்று மாதம் ஆகிவிடும். அதுவரை தொழிலாளர்களுக்குத் தரும் சனிக்கிழமைச் சம்பளம் நிற்கக் கூடாது. அது நிஜமான ரிஸ்க்தான், மறுக்கவில்லை.

சரி, அங்கே பீஸ் ரேட்டுக்கு, அதாவது தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு, தைக்கும் அக்காவுக்கு? ஆர்டர் குறைந்தால் அந்த வாரமே கூலி அடிபடும். 20 பேருக்குக் குறைவான யூனிட் என்றால் பி.எஃப். கட்டாயமும் இல்லை. நல்ல சீசனில் லாபத்தில் பங்கும் கிடையாது. மாதச் சம்பளக்காரரை மட்டும் வைத்து ஒப்பிட்டால் இவர்கள் கணக்கிலேயே வருவதில்லை.